மில் சத்தம் இல்லாத வீடு

மாவு மில்லில் நின்றுகொண்டு யாரும் யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்ல முடியாது. மோட்டார் ஓடினால் கத்த வேண்டும். மோட்டார் நின்றால் அடுத்த டின்னைக் கொட்ட வேண்டும். என் மகள் அமுதாவுக்கு ஆஸ்பத்திரியில் என்ன பார்த்தார்கள், வலிப்பு திரும்ப வந்ததா, இப்போது எப்படி இருக்கிறாள் என்று செஞ்சி கடைத்தெருவில் பாதிப் பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். எல்லாருக்கும் கையை ஆட்டி, பரவாயில்லை என்று காட்டியிருக்கிறேன். ஆனால் இது கையாட்டலில் அடங்குகிற விஷயம் இல்லை. அதனால்தான் இரண்டு வருஷம் கழித்து, ஆயுத பூஜைக்கு மில்லைக் கழுவி மூடியிருக்கும் இந்த நாளில், உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் காது பாதிக்கு மேல் போய்விட்டது. இருபத்தைந்து வருஷ மோட்டார் சத்தம் தின்றது போக மிச்சம் இருப்பதை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறேன். அதனால் நான் பேசுவது ஊருக்கே கேட்கும். ஆஸ்பத்திரி நர்சுகள் எனக்கு வைத்த பெயர் மைக் செட். பின்னால் இது தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மில்லின் பின்பக்கம் ஒரே அறையும் ஒரு சமையல்கட்டும் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து நானும் என் மனைவி வசந்தாவும் அங்கேதான் குடியிருந்தோம். அமுதா அங்கேதான் தவழ்ந்தாள், நடந்தாள். எந்நேரமும் அவள் புருவத்தில் கொஞ்சம் அரிசி மாவு ஒட்டியிருக்கும். துடைத்துவிட்டால் திரும்பப் போய் ஒட்டவைத்துக்கொண்டு வருவாள்.

மில்லில் ஒரு பழக்கம் உண்டு. அரைக்க வருகிறவர்கள் நிற்கத் தேவையில்லை, அவர்கள் பாத்திரம் நின்றால் போதும். விடிந்ததும் வந்து டின்னையோ, தூக்குவாளியையோ, பிளாஸ்டிக் பக்கெட்டையோ வாசலிலிருந்து மெஷின் வரைக்கும் வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். வரிசை சேர்ந்த பிறகு மோட்டாரைப் போடுவேன். மிளகாய் மட்டும் கடைசி. மிளகாய்க்குப் பின் அரிசி அரைத்தால் அன்றைக்கு இடியாப்பம் சாப்பிடுகிற வீட்டில் சண்டை நடக்கும்.

இந்த வரிசைக்கு அமுதாதான் அதிகாரி. ஆளின் முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். ஆனால் எந்த டின் யாருடையது, எந்த பக்கெட்டின் பின்னால் எந்தத் தூக்கு வந்தது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. யாராவது மெதுவாகத் தங்கள் டின்னை முன்னால் நகர்த்தினால், ஒரு வார்த்தை பேசாமல் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய இடத்திலேயே வைத்துவிடுவாள். வரிசை சரியாக நின்றதும் சுவிட்சுக்குக் கீழே வந்து நின்று, “போடு” என்பாள். அவள் பேசிய ஏழெட்டு வார்த்தைகளில் தினமும் தவறாமல் வந்தது அது ஒன்றுதான். நான் போடுவேன். தரை அதிரும். அவள் கண்ணை மூடிக்கொண்டு அரிசிச் சாக்கின் மேல் சாய்ந்துகொள்வாள். இரவு எட்டரைக்குக் கடைசி டின் அரைபடும்போது அதே சாக்கின் மேல் தூங்கியிருப்பாள். தூக்கிப் பாயில் போட்டால் காலையில்தான் எழுந்திருப்பாள்.

நாலு வயதில், கூப்பிட்டால் திரும்பவில்லை என்று ஆரம்பித்தது கவலை. மில்லுதான் பிள்ளையின் காதைத் தின்றுவிட்டது என்று ஊரே சொன்னது, நானும் நம்பினேன். புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காதுக்கு ஒரு சோதனை. தலையில் ஒயரை ஒட்டி, காதில் டிக் டிக் என்று சத்தம் கொடுத்து, அது மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பார்கள். பிள்ளை தூங்கினால்தான் அதைச் செய்ய முடியும். தூங்குவதற்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். சோதனை முடிந்தது, அமுதா எழுந்திருக்கவில்லை. உதடு நீலமாகிவிட்டது. மூக்கில் ஆக்சிஜன் வைத்து மறுநாள் வரை பக்கத்திலேயே ஒரு டாக்டர் நின்றார். எல்லாருக்கும் ஒத்துக்கொள்கிற மருந்து, சில உடம்புக்கு இப்படி ஆகிவிடுமாம். அந்த ஒரு நாளில் நானும் வசந்தாவும் பேசிக்கொண்டது தண்ணீர் வேண்டுமா என்பது மட்டும்தான்.

காது நன்றாக இருக்கிறது என்று சோதனை சொன்னது. அதன் பிறகு வேறொரு டாக்டரம்மா இரண்டு காலை முழுக்க அமுதாவுடன் தரையில் உட்கார்ந்து விளையாடினார், வசந்தாவிடம் நூறு கேள்வி கேட்டார், கடைசியில் ஆட்டிசம் என்றார். ரத்தத்திலோ படத்திலோ கண்டுபிடிக்கிற விஷயம் இல்லை இது, பார்த்தும் கேட்டும்தான் சொல்ல முடியும் என்றார். காய்ச்சல்போல வந்து போகிற நோயும் இல்லை, மூளை வளர்ந்த விதமே கொஞ்சம் வேறு. நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பாதி கேட்கவில்லை, பாதி புரியவில்லை. மில்லுக்கு வந்து மோட்டாரைப் போட்ட பிறகுதான் அழுதேன். அதில் ஒரு சௌகரியம், யாருக்கும் கேட்காது.

அதற்குப் பின் நாலு வருஷம் நன்றாகத்தான் போனது. கெடுத்தவன் நான்.

அமுதாவுக்கு எட்டு வயது முடிந்த சமயம், இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு நடந்த ஒரு கூட்டத்தில் அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். இரைச்சல் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது, அமைதியான இடம் வேண்டும் என்று அதில் இருந்தது. பொருள்களை வரிசையாக அடுக்குவது ஓர் அடையாளம் என்றும், அதைக் குறைத்து வேறு விளையாட்டில் திருப்ப வேண்டும் என்றும் இருந்தது. நான் பத்தாவது தாண்டாதவன். அச்சில் எது வந்தாலும் எனக்குச் சட்டம். அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். ஒரே மாதத்தில் திருவண்ணாமலை ரோட்டில், ஊரைத் தாண்டி, காலி மனைகளுக்கு நடுவில் ஒரு வாடகை வீடு பார்த்தேன். சுற்றிலும் வேலிக்காத்தான் முட்புதர், அதற்கப்பால் பாறைக் குன்று. காகம் கத்தினால்தான் சத்தம்.

வசந்தா ஒப்புக்கொள்ளவில்லை. “அவ காத பொத்திக்கினத நீங்க ஒரு நாளாச்சும் பாத்துருக்கீங்களா?” என்று கேட்டாள். தாளைப் பிரித்துக் காட்டினேன். படித்தவர்கள் எழுதியது தப்பா, உனக்குத் தெரிந்தது சரியா என்று கத்தினேன். என் குரலுக்கு எதிர்க்குரல் கொடுப்பது சுலபமில்லை. அவள் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தாள்.

அந்த வீட்டில் பதினொரு மாதம் இருந்தோம். அமுதாவின் தூக்கம் முதல் வாரத்திலேயே போனது. பன்னிரண்டு, ஒன்று, இரண்டு மணி வரை சுவரைத் தடவிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடப்பாள். இரண்டாம் மாதத்தில் ‘போடு’ போனது. மற்ற வார்த்தைகளும் ஒவ்வொன்றாகப் போயின. புது இடம், பழகிவிடும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் சமையல்கட்டில் இருக்கிற டப்பாக்களையெல்லாம் எடுத்து, வாசற்படியிலிருந்து கூடம் வரைக்கும் வரிசையாக வைப்பாள். பருப்பு டப்பா, உப்பு ஜாடி, டீத்தூள் டப்பா, காலி எண்ணெய் டின். வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நிற்பாள். நான் தாளில் சொன்னபடி, கோபப்படாமல், ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு, அவள் கையில் ஒரு பந்தைக் கொடுப்பேன். பந்தை அவள் கீழே விட்டுவிடுவாள். பிறகு அவளை வீட்டிலேயே விட்டுவிட்டு நான் மில்லுக்குக் கிளம்பிவிடுவேன். பதினொரு மாதத்தில் ஒரு நாளும் இது தப்பவில்லை.

நடுநடுவே ஒரே இடத்தைப் பார்த்தபடி சில விநாடி உறைந்து நிற்பாள். அவள் பழக்கம் என்று விட்டுவிட்டோம். அதுவும் வலிப்பில் ஒரு வகை என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பெரிய வலிப்பு ஓர் அமாவாசைக் காலையில் வந்தது. உடம்பு வில்லாக விறைத்தது, கையும் காலும் வெட்டின, வாயோரம் நுரை. வசந்தா அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலைக்கு அடியில் தன் முந்தானையைச் சுருட்டி வைத்தாள். நான் ரோட்டுக்கு ஓடினேன். அமாவாசையன்று செஞ்சியில் பஸ்ஸைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருக்கிற வண்டியெல்லாம் அங்காளம்மன் கோயில் கூட்டத்துக்காக மேல்மலையனூர் ஸ்பெஷலாகிவிடும். வந்ததெல்லாம் அந்தப் பக்கம்தான் போனது, நிற்கவும் இல்லை. பூசணிக்காயும் எலுமிச்சையும் ஏற்றிவந்த ஒரு மினி வேன்காரர், பிள்ளையைக் கோயிலுக்கே கொண்டுவாங்க, அம்மா பார்த்துக்கொள்வாள் என்றார். எனக்கும் அங்காளம்மன்மேல் பக்தி உண்டு. ஆனால் வசந்தா பின்னாலேயே ஓடிவந்து, “மொதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் ஆத்தா” என்றாள். அவர் மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்பினார். செஞ்சி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வலிப்பை நிறுத்தினார்கள். அங்கிருந்து ஆம்புலன்சில் புதுச்சேரி.

அங்கே இருந்தது ஒன்பது நாள்.

பயந்து நடுங்கிய நாட்கள்தான். ஆனாலும் இன்றைக்கு நினைத்தால் ஒரு மாதிரி ஏக்கமாக இருக்கிறது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மாடியில் குழந்தைகள் வார்டு. ஜன்னல் பக்கக் கட்டில் எங்களுக்கு. பக்கத்துக் கட்டிலில் மேல்சித்தாமூர்க்காரர்கள், சமணக் குடும்பம். பத்மாவதி அம்மா என்று பெயர், தம்பி மகளுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு என்று வந்திருந்தார். பொழுது சாய்ந்தால் அவர்கள் சாப்பிட மாட்டார்கள். அதனால் ஐந்து மணிக்கே எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம் என்று டப்பாவைத் திறந்துவிடுவார். திறந்ததும் முதல் உருண்டை அமுதாவுக்கு. எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய என் பெண் இரண்டே நாளில் நாலே முக்காலுக்கு அவர் கட்டிலருகே போய் நிற்க ஆரம்பித்தாள். “உம் பொண்ணு எங்க ஜாதில சேந்துட்டா” என்று பத்மாவதி அம்மா சிரிப்பார். வசந்தாவின் அண்ணன் தினமும் சாயங்காலம் திண்டிவனத்தில் பஸ் மாறி வந்து, கட்டில் காலடியில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போவார். எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்டால், சும்மாதான் என்பார். மருந்துக்கடைச் சீட்டுகளை நான் தேடும்போது பாதி காணாமல்போயிருக்கும். அந்த மருந்துகளை அவரே வாங்கிப்போட்டிருப்பார்.

முதல் சோதனை இ.இ.ஜி. மூளை வேலை செய்யும்போது அதற்குள் மின்சாரம் லேசாக ஓடிக்கொண்டிருக்கும். தலை முழுக்கப் பசையால் ஒயர்களை ஒட்டி, அந்த மின்சாரத்தைக் கோடு கோடாக வரைந்து பார்ப்பது இ.இ.ஜி. அதற்கு முந்தின இரவு பிள்ளையைத் தூங்காமல் வைத்திருக்க வேண்டும் என்றார் நர்ஸ். அது ஒன்றில் எங்களுக்குப் பதினொரு மாதப் பயிற்சி இருந்தது. பசையைத் தலையிலிருந்து எடுக்கத்தான் வசந்தாவுக்கு மூன்று நாள் ஆனது.

கோட்டில் வலிப்பின் அடையாளம் தெரிந்தது. அடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்து, மூளையில் கட்டியோ தழும்போ இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அங்கேதான் சிக்கல். எம்.ஆர்.ஐ. என்பது ஒரு குழாய். அதற்குள் அரை மணிக்கு மேல் இம்மி அசையாமல் படுத்திருக்க வேண்டும், இரைச்சல் வேறு காதைப் பிளக்கும். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மயக்கம் கொடுத்துத்தான் எடுப்பார்கள். அமுதாவுக்கு நாலு வயதில் என்ன ஆனது என்று அவளுடைய பழைய சீட்டிலேயே சிவப்பு மையில் எழுதியிருந்தது.

வார்டைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து நேராகச் சொன்னார். “ஒரு தடவ மயக்கம் குடுக்காம முயற்சி பண்ணுவோம். அசைஞ்சிட்டாள்னா, மயக்க டாக்டர வெச்சுத்தான் எடுக்கணும். முன்னாடி மூச்சு நின்ன பிள்ளை. பாதுகாப்பா பண்ணுவோம், ஆனா பயமே இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்.”

எனக்கு இந்த முறை எல்லாம் கேட்டது.

ஆட்டிசம் இந்தப் படத்தில் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். பிறகு ஒரு சீட்டைத் திருப்பி, மண்டை ஒன்று வரைந்து, அதற்குள் நாலைந்து வட்டம் போட்டார். பார்க்க ஓர் இடம், கேட்க ஓர் இடம், பேச்சுக்கு ஓர் இடம், முகத்தைப் புரிந்துகொள்ள ஓர் இடம். ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்தால் மட்டும் போதாது, ஒன்றுக்கொன்று சேதி போய்வர வேண்டும். அந்தப் போக்குவரத்துதான் அமுதா மாதிரிப் பிள்ளைகளுக்கு வேறு விதமாக அமைந்திருக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் நினைக்கிறார்களாம்.

பஸ் விடுவது போலவா என்று கேட்டேன். சொல்லுங்க என்றார். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டை எடுத்துக்கொண்டேன். மேல்சித்தாமூர், மேல்மலையனூர் என்று பக்கத்தில் இருக்கிற ஊர்களுக்கு டவுன் பஸ் நிறைய விடலாம், சென்னைக்கு நேர் பஸ் குறைவாக விடலாம். பக்கத்து ஊர்க் காரியம் சட்டென்று முடியும், தூரத்து ஊருக்குப் போக நாலு இடத்தில் மாற வேண்டும். டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஏறக்குறைய அப்படித்தான் சிலர் கண்டிருக்கிறார்கள் என்றார், ஆனால் வேறு சிலர் தலைகீழாகவும் கண்டிருக்கிறார்களாம். பிள்ளைக்குப் பிள்ளை, வயதுக்கு வயது மாறுகிறது. நூறு பேரைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஏதோ தெரிகிறது, ஒரு பிள்ளையின் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

“ஒரே ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுல நின்னு பாத்துட்டு டைம் டேபிள் எழுத முடியுமா, அமுதா அப்பா?” என்று கேட்டார்.

வலிப்பு என்றால் என்ன என்றும் கேட்டேன். மூளை அணுக்கள் திடீரென்று ஒரே நேரத்தில், தேவைக்கு மேல் மின்சாரம் அடிப்பது என்றார். எனக்கு உடனே விளங்கியது. அமாவாசை. எல்லா வண்டியும் ஒரே பக்கம் கிளம்பிவிட்டால் மற்ற ஊர்க்காரன் கதி என்ன ஆகும் என்று, அன்று ரோட்டில் நின்றவன் எனக்குத் தெரியாதா? டாக்டரம்மா வெளியூர்க்காரர், அவருக்கு மேல்மலையனூர்க் கூட்டத்தை விளக்கிச் சொன்னேன். சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் போல, வராந்தாவிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் இன்னொன்றும் கேட்டார். அமுதா அசையாமல் படுத்தால், படம் முடிந்த பிறகு கூடவே பத்து நிமிஷம் அவளை அப்படியே விட முடியுமா? சும்மா படுத்திருக்கும்போது மூளையில் எந்தெந்த இடங்களின் வேலை சேர்ந்தாற்போல ஏறி இறங்குகிறது என்று பார்க்கிற ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாம். அதனால் எங்களுக்கு ஒரு பயனும் கிடையாது, முடிவையும் தனியாகச் சொல்ல மாட்டோம், வேண்டாம் என்றால் வருத்தமும் இல்லை என்றார். வசந்தா கையெழுத்துப் போட்டாள். பத்து நிமிஷம் படுத்தாளானால் கோயிலுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள்.

ஏழாம் நாள் காலை ஸ்கேன். இவள் அசையப்போகிறாள், ஊசி போடப்போகிறார்கள், உதடு நீலமாகப்போகிறது என்று விடிகிறபோதே மனதில் மாற்றி மாற்றி ஓடிக்கொண்டே இருந்தது. அமுதாவின் கொலுசு, தோடு, ஹேர்பின் எல்லாம் கழற்றினோம். உள்ளே ராட்சசக் காந்தம் இருக்கிறது, இரும்போ நகையோ எதுவும் கூடாது. பிள்ளையுடன் ஒருவர் உள்ளே போகலாம். நான் போவதாகத்தான் இருந்தது. டெக்னீஷியன் பையன் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டான். நெஞ்சில் மெஷின் வைத்திருக்கிறீர்களா, எலும்பில் கம்பி இருக்கிறதா, கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் விழுந்ததா.

விழுந்திருக்கிறது. மில் கல் தேய்ந்தால் உளியால் கொத்தி முள் எடுப்போம், அதாவது மறுபடி சொரசொரப்பாக்குவோம். அப்போது உளித்தூள் தெறித்து ஒரு தடவை கண்ணில் விழுந்தது. எடுத்தாகிவிட்டது, ஆனால் முழுக்க வந்ததா என்று யாரும் படம் எடுத்துப் பார்க்கவில்லை. அப்படியானால் நீங்கள் போகக் கூடாது அண்ணா, மிச்சம் இருந்தால் காந்தம் கண்ணைக் கிழித்துவிடும் என்றான். அந்தக் கணம் வரை, கூட இருப்பேன் என்ற ஒரு தைரியத்தில்தான் நான் நின்றிருந்தேன்.

எனக்குப் பதிலாக உள்ளே போக, வசந்தா தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டியிருந்தது. பத்மாவதி அம்மா எங்கிருந்தோ மஞ்சள் கயிறும் ஒரு மஞ்சள் துண்டும் கொண்டுவந்திருந்தார். முதலில் அதைக் கட்டிக்கொண்டு, பிறகு சங்கிலியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். நான் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவரை உள்ளே படுக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கேன் பகுதிக்கு வெளியே எல்லாரும் செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தார்கள், தாறுமாறாக. அமுதா எழுந்து போனாள். ஒவ்வொரு ஜோடியாக எடுத்து, வராந்தா தொடங்குகிற இடத்திலிருந்து ஸ்கேன் கதவு வரைக்கும் வரிசையாக வைக்க ஆரம்பித்தாள். நான் வழக்கம்போல எழுந்தேன், எடுத்துக் கலைத்துவிடலாம் என்று. சட்டைப்பையில் அந்தத் தாள் இன்னும் இருந்தது.

வசந்தா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

அமுதா கடைசியாகத் தன் செருப்பைக் கழற்றி வரிசையின் வாலில் வைத்தாள். கதவுப் பக்கம் போய், சுவரில் இருந்த ஒரு சுவிட்ச் பெட்டிக்குக் கீழே நின்றாள். அந்த நேரத்தில் உள்ளே மெஷின் ஓட ஆரம்பித்தது. தடக் தடக் என்று, பிறகு ஒரே சீராக, அடிவயிற்றில் இறங்குகிற மாதிரி. பெஞ்சில் எனக்கே அதிர்வு தெரிந்தது. அமுதா சுவரில் முதுகைச் சாய்த்தாள். கண்ணை மூடினாள். பதினொரு மாதமாக நான் பார்க்காத முகம் அது.

“லைனுங்க,” என்றாள் வசந்தா. என் காதுக்கருகே வந்து, மெதுவாகத்தான் சொன்னாள். “டெய்லி காலைல டப்பாவ அடுக்கிட்டு உங்கக்கிட்ட வந்து நின்னாளே. லைன் போட்டுக் குடுத்துட்டு மில்ல போடச் சொல்லிக்கினு இருந்துருக்கா.”

பருப்பு டப்பா, உப்பு ஜாடி, டீத்தூள் டப்பா என்று ஒவ்வொன்றாக என் கையால் எடுத்து அலமாரியில் வைத்தது கண்முன் வந்தது. பந்தைக் கொடுத்தது வந்தது. முன்னூறு காலைக்கு மேல் என் பெண் என்னிடம் ஒரே விஷயத்தை, அவளுக்குத் தெரிந்த ஒரே விதத்தில், கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் ஒவ்வொரு நாளும் முடியாது என்று சொல்லியிருக்கிறேன், அதுவும் சிரித்த முகத்தோடு.

பெரியவர் வெளியே வந்ததும் அமுதாவைக் கூப்பிட்டார்கள். யாரும் கையைப் பிடிக்கவில்லை, அவளாகவே நடந்து போனாள். வசந்தா பின்னாலேயே போனாள், கதவைச் சாத்தினார்கள். மெஷின் தொடங்கியது. நான் வரிசையாக இருந்த செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் வந்து தன் செருப்பை எடுக்கப் போனார். கொஞ்சம் பொறுங்க, உள்ள பாப்பா வரட்டும் என்றேன். என் குரலைக் கேட்டு அவர் வெறுங்காலோடு போய் உட்கார்ந்துவிட்டார்.

அரை மணி போய், முக்கால் மணியும் போனது. நர்ஸ் மருந்து ட்ரேயோடு வருகிறாரா என்று வராந்தாவைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. யாரும் வரவில்லை. டெக்னீஷியன் பையன்தான் கடைசியில் எட்டிப் பார்த்தான். “அண்ணா, பெரியவங்களே இப்படி படுக்க மாட்டாங்க. எக்ஸ்ட்ரா பத்து நிமிசமும் முடிஞ்சிடுச்சு. மெஷின நிறுத்துனாதான் அழுவுது” என்றான்.

உள்ளே என்ன நடந்தது என்று வசந்தா பிறகு சொன்னாள். சத்தம் ஒவ்வொரு விதமாக மாறும்போதும் அமுதாவின் விரல் ஒன்று மட்டும் தாளம் போட்டதாம். தலை அசையவே இல்லை. மெஷின் நின்றதும் இறங்க மாட்டேன் என்று படுத்துக்கொண்டாளாம். வாய் அசைந்ததாம். போடு என்றுதான் தனக்குப் பட்டது, ஆனால் காதில் பஞ்சு அடைத்திருந்ததால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது என்றாள். தாலியை வாங்கிப் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

படத்தில் கட்டி இல்லை, தழும்பு இல்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், இரண்டு வேளை, ஒரு வேளையும் தப்பக் கூடாது. இன்றுவரை தப்பவில்லை, வலிப்பும் திரும்ப வரவில்லை. வலிப்பு வருகிற உடம்புக்குத் தூக்கம் கெட்டால் வலிப்பு சுலபமாக வரும், தூக்கத்தைச் சரிசெய்யுங்கள் என்று டாக்டரம்மா சொன்னபோது, நான் அந்தத் தாளை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளைப் படித்துவிட்டு, நிறையப் பிள்ளைகளுக்கு இது சரிதான் என்றார். குக்கர் விசிலுக்கே துடித்துப்போகிற பிள்ளைகளை அவர் பார்த்திருக்கிறார்.

“தாள்ல இருக்கறது பல பேரோட பிள்ளை. உங்க பிள்ளைய உங்க வீட்டுலதான் பாக்கணும்” என்றார். “இப்ப என்ன மாத்தப் போறீங்க?”

வீட்டை என்றேன்.

கிளம்புகிற அன்று பத்மாவதி அம்மா ஐந்து மணிச் சாப்பாட்டை மூன்றரைக்கே எங்களுக்குக் கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் திண்டிவனம் தாண்டுவதற்குள் அமுதா அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஐந்து மணியானால் அவளுக்குச் சோறு போட வேண்டும். அந்த அம்மாளை அதன் பிறகு நாங்கள் பார்க்கவில்லை. தம்பி மகள் நன்றாக இருக்கிறாளாம், மேல்சித்தாமூரிலிருந்து நெல் விற்க வந்த ஒருவர் சொன்னார்.

மில்லின் பின்னறையைக் கழுவி, சாமான்களைத் திரும்பக் கொண்டுவர இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் காலை, ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே வெளியே பாத்திரங்கள் வந்துவிட்டன. அமுதா வந்திருக்கிறாள் என்று தெரிந்து, அவள் கைக்கு வேலை இருக்கட்டும் என்று, எல்லாரும் வேண்டுமென்றே தாறுமாறாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். செஞ்சிக் கடைத்தெருக்காரர்களை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் ஒரு கும்பிடு போட்டேன்.

அவள் அவசரப்படவில்லை. வாசலிலிருந்து மெஷின் வரைக்கும் ஒவ்வொன்றாக வைத்தாள். ஒரு பச்சை பக்கெட்டை மூன்று தடவை இடம் மாற்றினாள். மிளகாய்த் தூக்கை மோந்து பார்த்துக் கடைசிக்குத் தள்ளினாள். பிறகு பின்னறைக்குள் போய், எங்கள் பருப்பு டப்பா, உப்பு ஜாடி, டீத்தூள் டப்பா மூன்றையும் எடுத்துக்கொண்டு வந்து, மிளகாய்க்கும் பின்னால், வரிசையின் வாலில் வைத்தாள். சுவிட்சுக்குக் கீழே வந்து நின்றாள்.

நான் கையைத் தொங்கவிட்டபடியே நின்றேன். அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன், மறைப்பானேன். வசந்தா கதவோரம் நின்றாள். அமுதாவின் உதடு அசைந்தது போலிருந்தது. ஏதாவது வெளியே வந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது. என் காது அப்படி. வசந்தா அழுதுகொண்டிருந்ததால் அவளிடமும் கேட்கவில்லை. அமுதா என்னைப் பார்க்காமலே என் மணிக்கட்டைப் பிடித்தாள். கையைத் தூக்கிக்கொண்டு போய் சுவிட்சின் மேல் வைத்தாள்.

போட்டேன்.